சத்தம் யாருக்குச் சொந்தம்?

போன சித்திரையில் ஒரு நாள் காலை, குச்சனூரில் அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த வயலில் நானும் என் தாய்மாமாவும் நின்றிருந்தோம். என் கையில் டிரான்ஸ்மிட்டர். ஐம்பது மீட்டர் உயரத்தில் அவருடைய விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. மாமா வடக்கே போடிப் பக்கமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் தெற்கே சின்னமனூர்ப் பக்கம் இருந்தது.

"கெளம்பிருச்சாடா மாப்ள?" என்று கேட்டார்.

அது கிளம்பி ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த விமானத்தின் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் வைத்தவன் நான். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன். இப்போதும் அது கெட்ட காரியம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாமாவின் அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டது. ஒரு பொருளை மேம்படுத்தும்போது நாம் எதை மாற்றுகிறோம், அதை மாற்ற யாரிடம் கேட்கவேண்டும், கேட்டால் எப்படிக் கேட்கவேண்டும்? ஒரு பொம்மை விமானத்துக்கு இது பெரிய கேள்விதான். ஆனால் சின்னப் பொருளில் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

*

மாமாவுக்கு 66 வயது. கல்லூரியில் படிக்கும்போது என்சிசியின் விமானப் பிரிவில் இருந்தவர். அங்கே ஏரோமாடலிங் பயிற்சி உண்டு. இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தன்னைச் சுற்றி வட்டமாக விமானத்தைப் பறக்கவிடும் 'கண்ட்ரோல் லைன்' விமானங்களில்தான் ஆரம்பித்தார். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி ஆயில் இன்ஜின் மெக்கானிக் ஆகிவிட்டார். 1990களின் கடைசியில், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது, சென்னைக்குப் போய் ஜப்பானில் செய்த ஓ.எஸ். 40 இன்ஜின் ஒன்றை வாங்கிவந்தார். பால்சா மரத்தில் விமானத்தை அவரே கட்டினார். இறக்கையின் நீளம் ஒன்றரை மீட்டர். எடை இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

'40' என்பது 0.40 கன அங்குலம், அதாவது சுமார் 6.5 சிசி. உள்ளங்கையில் அடங்கிவிடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. 'குளோ பிளக்' என்று ஒன்று. அதற்குள் பிளாட்டினக் கம்பிச்சுருள் இருக்கும். கிளப்பும்போது ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைப் பழுக்கவைக்க வேண்டும். ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம், எரியும் சூட்டிலேயே கம்பி பழுத்தபடி இருக்கும். எரிபொருள் பெட்ரோல் இல்லை. மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், மசகுக்காக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய். பழைய ஆட்கள் இந்த எண்ணெய்க்கு விளக்கெண்ணெயைத்தான் நம்புவார்கள். நம் வீட்டில் வயிற்றுக்குக் கொடுத்த அதே ஆமணக்கு எண்ணெய். முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் இன்ஜின்களும் இதே எண்ணெயில்தான் ஓடின. மாமாவின் சட்டையிலிருந்து எப்போதும் வரும் வாசனை அதுதான்.

இந்த இன்ஜினில் ஓர் ஊசித் திருகு இருக்கும். காற்றோடு எவ்வளவு எரிபொருள் கலக்கவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். அதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாது, காதால்தான் முடியும். மாமா வயலில் நின்றுகொண்டு, மேலே பறக்கும் விமானத்தைக் கேட்டபடியே, "லீனா ஓடுது மாப்ள. எறக்கு, ஊசிய ரெண்டு கிளிக் தெறக்கணும்" என்பார். இறக்கிப் பார்த்தால் இன்ஜின் தலை கொதிக்கும்.

நாற்பது வருடம் ஆயில் இன்ஜின்களின் பக்கத்தில் உட்கார்ந்ததில் அவர் காது கெட்டுப்போயிருந்தது. சத்தத்தால் கெடும் காது எல்லா ஒலிகளையும் ஒரே நேரத்தில் இழப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள கீச்சு ஒலிகள். தாழ்ந்த ஒலிகள் கடைசிவரை தங்கும். நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு வினாடிக்கு 183 தடவை வெடிக்கும். அது தாழ்ந்த சுருதி. அதனால் எங்கள் அத்தை கூப்பிட்டால் கேட்காத மாமாவுக்கு இன்ஜின் கேட்டது. பிறகு சர்க்கரை நோய் கண்ணையும் பிடித்தது. ஆறு வருடமாக அவர் விமானம் ஓட்டவில்லை. நான் ஊருக்கு வரும்போது நான் ஓட்டுவேன், அவர் கூட நிற்பார்.

கூட நின்றார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவரும் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்குத் தெரியவில்லை.

*

மாற்றியதற்கு என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன.

முதல் காரணம் மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்து ஆட்களைக் கொன்றது இதே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு, வீட்டுத் திண்ணைக்கு அடியில் ஒரு கேனில் அதை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தைகள் ஓடியாடும் வீடு. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

இரண்டாவது காரணம் சத்தம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருதடவை நேராகவே சொன்னார்: "காலங்காத்தால மரம் அறுக்குற மாதிரி இருக்குப்பா." அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சத்தம் எங்களுக்குச் சந்தோஷம், அவருக்குத் தொந்தரவு. எங்கள் சந்தோஷத்துக்கான விலையை அவர் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே 'சின்ன ரிப்பேர்' என்று சொல்லி விமானத்தைக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போனேன். இன்ஜின், டேங்க், திராட்டிலை இழுக்கும் சர்வோ மூன்றையும் கழற்றினேன். அந்த இடத்தில் பிரஷ்லெஸ் மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி. விமானத்தின் எடையில் கிலோவுக்கு 220 வாட் என்பது பயிற்சி விமானங்களுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதன்படி ஐந்நூறு, அறுநூறு வாட் போதும். பேட்டரியை எளிதாக மாட்டிக் கழற்றுவதற்காக, உடலின் மேற்புறத்தை அறுத்து ஒரு கதவு வைத்தேன். எடையின் மையம் பழைய இடத்திலேயே வரும்படி பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து நிறுத்தினேன். ஒரு வாரம் ஆனது. மாமாவுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன்.

*

இது இன்னும் மாமாவின் விமானம்தானா? தத்துவ வகுப்பில் கேட்கும் பழைய கேள்வி இது. ஏதென்ஸ்காரர்கள் தீசியஸின் கப்பலை வைத்துப் பாதுகாத்தார்கள். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பலா என்று புளூடார்க் காலத்திலேயே சண்டை. நமக்குக் கப்பல் வேண்டியதில்லை, தேர் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது. அதனால் அது தியாகராஜரின் தேர் இல்லை என்று யாரும் வடத்தைக் கீழே போடவில்லை. தேர் என்பது அந்தத் தெருவில், அந்த நாளில், அந்த ஜனங்கள் இழுப்பது. பிரேக் மாறலாம்.

இன்ஜின் விமானத்தில் மோட்டார் வைப்பதும் புதிய காரியம் இல்லை. 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குயின்' விமானத்தைச் சில்வர் ஜிங்க் பேட்டரியால் பறக்கவிட்டார். ரேடியோவால் இயக்கப்பட்ட மின்விமானத்தின் பதிவான முதல் பறத்தல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த ரேடியோ குயினும் முதலில் சிறிய டீசல் இன்ஜினுக்காக உருவானதுதான். 1973இல் ஆஸ்திரியாவில் மனிதனைச் சுமந்து மின்சாரத்தில் பறந்த முதல் விமானமும், ஒரு மோட்டார் கிளைடரின் இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டார் வைத்ததுதான். மின்சாரம் வானத்துக்குப் போனதே பழைய உடம்பில் ஏறித்தான்.

ஆகவே 'அதே விமானமா?' என்ற கேள்வி என்னைத் தொந்தரவு செய்யவில்லை. அது பொருளைப் பற்றிய கேள்வி. என்னைத் தொந்தரவு செய்தது, அந்தப் பொருளைச் சுற்றி நின்றவர்களைப் பற்றியது.

*

மாற்றத்தில் என்னவெல்லாம் போகிறது என்று கணக்குப் பார்க்கலாம். மெத்தனாலில் இருக்கும் ஆற்றல், அதே எடையுள்ள லித்தியம் பேட்டரியில் இருப்பதைப்போலச் சுமார் 30 மடங்கு. இன்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வெளியே கொட்டிவிடுகிறது, மோட்டார் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வேலையாக மாற்றுகிறது. அதனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பத்து நிமிடம் பறக்கின்றன. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. எரிபொருள் தீரத் தீர விமானம் லேசாகும். பேட்டரியோ நிறைந்திருந்தாலும் காலியானாலும் அதே எடை. இன்ஜின் விமானம் தான் செலவழிப்பதை உடம்பிலேயே காட்டும். மின்விமானம் காட்டாது.

சத்தமும் அப்படித்தான். நாம் அதை மாசு என்று மட்டும் நினைக்கிறோம். அது மாசுதான், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதுபோல. கூடவே அது தகவலும். 'நான் இங்கே இருக்கிறேன், இவ்வளவு வேகத்தில் வருகிறேன், எனக்கு உடம்பு சரியில்லை' என்று இன்ஜின் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். மின்கார்கள் பெருகியபோது இது உலகத்துக்கே உறைத்தது. பார்வையற்றவர்கள் தெருவைக் கடப்பது காதை நம்பித்தான். சத்தமில்லாத கார் அவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத கார். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், மின்கார்கள் மெதுவாகப் போகும்போது செயற்கையாகச் சத்தம் எழுப்பவேண்டும் என்று 2019இலிருந்து புது மாடல்களுக்கும் 2021இலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் விதி போட்டது. கஷ்டப்பட்டு நீக்கிய சத்தத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வைத்தார்கள்.

எங்கள் வயலில் இதை முதலில் உணர்ந்தவை காக்கைகள். குச்சனூர் சனீஸ்வரர் ஊர். காக்கை அவருடைய வாகனம். ஆடிச் சனிக்கிழமைகளில் வரும் கூட்டத்தையும், காக்கைக்குச் சோறு வைத்துக் காத்திருப்பவர்களையும் பார்த்தவர்களுக்கு, இங்கே காக்கை வெறும் பறவை இல்லை என்பது தெரியும். இன்ஜின் கிளம்பினால் அவை தூரப் போய்விடும். மோட்டார் வைத்த பிறகு போகவில்லை. இரண்டு காக்கைகள் விமானத்தின் பக்கத்திலேயே பறந்து வந்தன, பருந்தை விரட்டுவதுபோல. ஒன்று இறக்கைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது திராட்டிலை முழுக்கக் குறைத்து விமானத்தைக் கீழே விட்டேன். நெஞ்சு படபடத்தது. அமைதி காக்கைக்கு நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

*

இந்த இடத்தில் கட்டுரை எளிதாக ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம். பழையது நல்லது, புதியது உயிரற்றது, இன்ஜினுக்கு ஆன்மா உண்டு. அப்படி எழுத எனக்கு ஆசைதான். ஆனால் மாமா விடமாட்டார்.

வயலிலிருந்து திரும்பியதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் மோட்டாரைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே காந்தங்கள் இருப்பதால் அது வழுக்கிச் சுற்றாது, நின்று நின்றுதான் சுற்றும். "பல்லு பல்லா நிக்கிதே" என்றார். பிறகு சிரித்தார்.

"எத்தன கெணத்துல நானே இன்ஜின எறக்கிட்டு மோட்டார ஏத்திருக்கேன், தெரியுமாடா? என்கிட்டயே கதை சொல்ற."

உண்மைதான். தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. ஆயில் இன்ஜின் மெக்கானிக்கின் பிழைப்பு அதோடு போயிருக்கவேண்டும். மாமா காயில் கட்டக் கற்றுக்கொண்டார். கரிப்புகையிலிருந்து செப்புக்கம்பிக்கு மாறினார். வாழ்க்கையில் ஒரு முழு மாற்றத்தை முதுகில் சுமந்து கடந்தவர் அவர். அந்த மாற்றத்தைப் பற்றி அவர் அன்று சொன்னது எனக்கு மறக்கவில்லை.

"இன்ஜின்னா ஆளு பக்கத்துல ஒக்காந்திருப்பான். டீசல் காசாச்சே. தண்ணி பாஞ்சதும் நிறுத்திருவான். மோட்டாரு வந்த பெறகு போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவான். சத்தமும் இல்ல, காசும் இல்ல. கெணறு எறங்குனது யாருக்கும் கேக்கல."

மோட்டார் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. டீசலுக்குக் கடன் வாங்கி அழிந்தவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். இலவச மின்சாரம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது என்பதையும் அவர்தான் சொன்னார். அவர் சொன்னது வேறு விஷயம்: விலை போய்விடவில்லை, கேட்காத இடத்துக்குப் போய்விட்டது.

என் விமானமும் அப்படித்தான். அதில் இப்போது புகை இல்லை. நான் பேட்டரிக்கு ஏற்றும் மின்சாரத்தில் கொஞ்சம் லோயர் கேம்ப் நீர்மின் நிலையத்திலிருந்து வரலாம். அங்கே டர்பைனைச் சுற்றிவிட்டு இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும் பாய்கிறது. நினைக்க அழகாக இருக்கிறது. ஆனால் கிரிட்டில் மின்சாரம் ஊர் பார்த்துப் பிரிவதில்லை. தூத்துக்குடி நிலக்கரியும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் அதில் கலந்துதான் இருக்கின்றன. இந்த வகை பேட்டரிகளில் பெரும்பாலும் கோபால்ட் உண்டு. உலகத்தின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்வது பலமுறை ஆவணப்படுத்தப்பட்ட விஷயம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டிய விலையை நான் நிறுத்திவிட்டேன். வேறு ஒருவர் மேல் ஏற்றியிருக்கிறேன். வித்தியாசம், முன்னவர் என்னிடம் நேரில் வந்து சொல்ல முடிந்தது.

இதனால் மாற்றவே கூடாது என்று ஆகாது. இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மெத்தனால் கேன் வீட்டை விட்டுப் போனது நல்லதுதான் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் 'சுத்தம்' என்ற சொல்லை இப்போது கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறேன்.

*

மாமாவிடம் நான் கேட்டிருக்கவேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். அவருடைய விமானம், அவரிடம் அனுமதி கேட்காதது தப்பு. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது போதவில்லை. நான் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "ஒனக்கு எது வசதியோ அப்படிச் செய்" என்றிருப்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது அதுதான். கண்ணும் காதும் போய், பிள்ளைகளை நம்பி நிற்கும் வயதில் வேறென்ன சொல்வார்கள்? நான் அந்த அனுமதியை வாங்கிக்கொண்டு, மனசாட்சி உறுத்தாமல் இன்ஜினைக் கழற்றியிருப்பேன். அவர் அதே வயலில் அதே வடக்குத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

அனுமதி கேட்பது எளிது. 'மாத்தட்டுமா?' என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று இரண்டே பதில்கள். நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு: 'மாமா, இதுல ஒங்களுக்கு என்ன இருக்கு?' அதைக் கேட்டிருந்தால், அவர் விமானத்தைப் பார்ப்பதில்லை, கேட்கிறார் என்பது தெரிந்திருக்கும். ஊசியைப் பற்றிச் சொல்லும் அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் இன்னும் விமானியாக இருந்தார் என்பது தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் நான் மாற்றியிருக்கலாம். ஆனால் எதை எடுக்கிறேன் என்று தெரிந்து எடுத்திருப்பேன்.

கரண்ட் பில் கட்டும் வரிசையைப் போனுக்கு மாற்றினோம், நல்லது. அந்த வரிசையில்தான் இரண்டு மாதத்துக்கு ஒருநாள் பழைய சிநேகிதியைப் பார்த்தாள் ஒரு பாட்டி என்பதை யாரும் கேட்கவில்லை. ஒரு பொருளின் வேலை என்ன என்று அதைச் செய்தவருக்குத் தெரியும், மாற்றுபவருக்கும் தெரியும். அது ஒருவருக்கு என்னவாக இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பல சமயம் அவருக்கே அது போன பிறகுதான் தெரியும்.

இதற்குத் தீர்வாக நான் முதலில் செய்தது சிரிப்புக்குரியது. பேட்டரி குறைந்தால் கத்தும் ஒரு பஸ்ஸர் வாங்கி மாட்டினேன். மாமாவுக்கும் ஒரு சத்தம் கிடைக்குமே என்று. என் காதைத் துளைத்தது. மாமா, "போட்டுட்டியா?" என்றார். அதன் கீச்சுக் குரல், அவர் காது எப்போதோ இழந்துவிட்ட சுருதியில் இருந்தது.

இப்போது நாங்கள் செய்வது அவர் சொன்ன வழி. நான் விமானத்தை ஓட்டும்போது அவர் எனக்குப் பின்னால் நின்று என் தோளில் கை வைத்துக்கொள்கிறார். ஓட்டுபவன் விமானத்தைப் பின்தொடர்ந்து தன்னையறியாமல் உடம்பைத் திருப்புவான். அது தோளில் தெரியும். நான் சொல்வதற்கு முன்பே அவர், "மேகமலப் பக்கம் போகுது", "இப்ப தேவாரம் பக்கம் திருப்புற" என்கிறார். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. காக்கை பக்கத்தில் வந்தால் என் தோள் இறுகுவதும் அவருக்குத் தெரிகிறது. இது இன்ஜின் சத்தத்துக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

இன்ஜின் பட்டறை அலமாரியில் எண்ணெய் தடவிய துணிக்குள் இருக்கிறது. திரும்ப மாட்டுவதென்றால் நான்கு போல்ட்தான். பேட்டரிக்காக நான் அறுத்த அந்தக் கதவை மட்டும் பழையபடி ஆக்க முடியாது. "திரும்ப மாட்டிரவா மாமா?" என்று போன மாதம் கேட்டேன்.

"மெத்தனாலுக்கு எங்க போவே?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தொணியப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்காத. தூசி ஏறும்" என்றார்.